ஈரச்சாக்கு வைத்தியம்

கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுவது என் தொழில். லாயம் தாராவியில். குதிரையைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தபோது நடந்தது இது.

மே மாதக் கடைசி, சாயங்காலம். செம்பூரில் ஒரு பாலக்காட்டுக் குடும்பத்துக் கல்யாணம். முதல் நாள் மாப்பிள்ளை ஊர்வலமான ஜானவாசத்துக்குக் கார் வேண்டாம், குதிரைதான் வேண்டும் என்று மாப்பிள்ளை ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். கோட்டு சூட்டு போட்ட, நல்ல கனமான மாப்பிள்ளை. என் வெள்ளைக் குதிரை ராணி அவரைச் சுமந்துகொண்டு பாதித் தெரு வந்தவள், சட்டென்று நின்றுவிட்டாள். மூக்கு விரிந்து, விலா துருத்தி மாதிரி அடித்தது. வேர்வை ஆறாக ஓடியது, ஆனால் ஒரு சொட்டும் காயவில்லை. மழைக்கு முந்தைய மும்பைப் புழுக்கம்.

மாப்பிள்ளையின் மாமா ஓடிவந்தார். "என்னப்பா, நாதஸ்வரம் அங்க போயிடுத்து, குதிரை இங்க நிக்கறது? ரெண்டு தட்டு தட்டேன்!"

"தட்டினா விழுந்துரும் சார். மாப்பிள்ளைய இறங்கச் சொல்லுங்க."

"ஜானவாசத்துல மாப்பிள்ளை நடந்து வரதா? நன்னாருக்கு!"

மாப்பிள்ளை தானாகவே இறங்கிவிட்டார். நான் சேணத்தைக் கழற்றி, பக்கத்து மளிகைக் கடையில் சாக்கு வாங்கி, நனைத்து ராணியின் முதுகில் போர்த்தினேன். ஜனங்கள் பார்க்கிறார்களே என்று கொஞ்சம் ஸ்டைலாகவே போர்த்தினேன். அவளுக்கு மூச்சு இன்னும் கூடியது. மாட்டுங்காவில் இருக்கும் கால்நடை டாக்டரம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"அண்ணா, முதல்ல சாக்கைத் தூக்கி எறியுங்கோ! குதிரைய இட்லி மாதிரி அவிச்சிண்டிருக்கேள்!"

"ஈரச்சாக்குதானே டாக்டர்?"

"கொஞ்ச நேரத்துல அதுவே சூடாயிடும். உள்ள இருக்கற சூடு வெளிய போக வேண்டாமா? பச்சைத் தண்ணிய விடாம ஊத்துங்கோ. மேல காத்து படணும்."

"சூட்டு உடம்புல ஜில்லுன்னு ஊத்தினா ஜன்னி வந்துராதா?"

"வராது. ஊத்துங்கோ! நான் கிளம்பிட்டேன்."

மண்டபத்திலிருந்து அண்டா அண்டாவாகத் தண்ணீர் வந்தது. டெக்கரேஷன்காரர் ஃபேனைத் தெருவுக்கு இழுத்துவந்தார். மாப்பிள்ளை கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சொம்பை எடுத்தார். மாமாவும் என்னைத் திட்டிக்கொண்டே ஊற்றினார். ராணி ஒருமுறை உடம்பைச் சிலிர்த்தாள். பட்டுப்புடவைகள் நாலு பக்கமும் சிதறின. பிறகு அண்டாவில் வாய் வைத்துக் குடித்தாள். மூச்சு மெல்ல அடங்கியது.

டாக்டரம்மா ஆட்டோவில் வந்திறங்கி, விலாவில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார். "தேறிட்டா. இன்னிக்கு இனிமே சவாரி கிடையாது." பிறகு என்னைப் பார்த்தார். ஊர்வலத்துக்காகப் போட்டிருந்த வெல்வெட் ஷெர்வானி, தலைப்பாகை எதையும் நான் கழற்றியிருக்கவில்லை. "அண்ணா, நீங்க ஏன் இப்படி ஆடறேள்?" என்று அவர் கேட்டது வரைதான் ஞாபகம். கண் விழித்தபோது தெருவில் மல்லாந்து கிடந்தேன். மாப்பிள்ளை நடந்தே மண்டபத்துக்குப் போய்விட்டார்.

புதிதாகக் குதிரை விட வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். புழுக்கத்தில் வேர்வை ஓடினால் உடம்பு குளிர்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நிறுத்துங்கள், பாரத்தை இறக்குங்கள், தண்ணீர் ஊற்றுங்கள், காற்று விடுங்கள். நடுவில் நீங்களும் ஒரு வாய் குடியுங்கள். குதிரைக்கு ஒன்றென்றால் தெருவே ஓடிவரும். என்னைத் தூக்க வந்தவர் மாமா ஒருத்தர்தான். அவரும், "குதிரையே தேவலை" என்று சொல்லிக்கொண்டேதான் தூக்கினார்.