ஒட்டி மறைத்த பெயர்

கடல் ஊருக்குள் ஏறி வந்து போன ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, புளியந்தீவில் நாங்கள் ஒதுங்கியிருந்த உறவினர் வீட்டு விறாந்தையில் உப்பும் சேறும் பழந்தோலும் கலந்த ஒரு வாடை அடித்துக்கொண்டிருந்தது. நனைந்த நாயை வீட்டுக்குள் விட்டதுபோன்ற அந்த வாடை எங்கள் குடும்ப வேதாகமத்தினுடையது. கடற்கரையோரம் இருந்த எங்கள் வீட்டில் இரண்டு சுவர்களும், கவிழ்ந்து கிடந்த ஓர் "அலுமாரி"யும்தான் மிஞ்சியிருந்தன. அதன் அடியிலிருந்து அப்பா அந்தப் புத்தகத்தைத் தோண்டியெடுத்துச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அப்பாவின் அக்காவான டோரா மாமி பாய் விரித்து உட்கார்ந்து, தாள்களைக் கத்தி முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்து, இடையிடையே பழைய பத்திரிகைத் தாள் செருகி உலர்த்தினார். எனக்கு அப்போது பதினொரு வயது; பத்திரிகையைக் கிழித்துக் கொடுப்பது என் வேலை.

டச்சுக்காரரான ஒல்லாந்தர் வழியில் வந்தவர்கள் என்பதால் எங்களை ஊரில் "பறங்கியர்" என்பார்கள். அந்த வேதாகமத்தின் முன்பக்க வெற்றுத் தாள்களில்தான் எங்கள் குடும்பம் முழுவதும் இருந்தது. முதல் தாளில் யாருக்கும் வாசிக்கத் தெரியாத ஒல்லாந்து எழுத்து, அடுத்து ஆங்கிலம், பிறகு தமிழ் என்று பிறப்பும் ஞானஸ்நானமும் கலியாணமும் இறப்பும் ஆளுக்கொரு வரியாக இறங்கி வந்தன. நான் கண்ணால் கண்டிராத அப்பப்பா, அதாவது அப்பாவின் தகப்பன், முதல் தாளைத் தொட்டுக் காட்டித் தன் ஒல்லாந்து இரத்தத்தைப் பற்றி வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமையடிப்பாராம். அவர் வைத்த சட்டம் ஒன்றும் இருந்தது: வேதப்புத்தகத்தில் எழுதியதை மையால் வெட்டக் கூடாது, கத்தரிக்கவும் கூடாது. தமிழ்த் தாளின் நடுவில் ஒரு வரியை மூடிப் பழுப்பு நிறக் காகிதத் துண்டொன்று ஒட்டியிருக்கும். என்னவென்று கேட்டால், "மை கொட்டின இடம் மனே" என்பார் மாமி. நானும் நம்பியிருந்தேன்.

அன்று அந்தத் துண்டு தானாகவே கழன்று என் கையோடு வந்துவிட்டது. அடியில் மை கொட்டிய அடையாளம் எதுவும் இல்லை. அழகான எழுத்தில் எமிலி என்ற பெயரும் பிறந்த நாளும் ஞானஸ்நான நாளும் இருந்தன. நான் உரக்க வாசித்துவிட்டேன். மாமியின் கத்தி நின்றது.

"அது என்ட அக்கா. நான்தான் ஒட்டினன்" என்றார்.

எமிலி பத்தொன்பது வயதில் வாகரை என்ற கரையோர ஊரின் தமிழ் மீனவர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாராம். அப்பா அப்போது தவழுகிற பிள்ளை. பெயரை வெட்டவும் முடியாது, விட்டுவைக்கவும் மனமில்லை என்றிருந்த அப்பப்பா, பன்னிரண்டு வயது டோராவைக் கூப்பிட்டுக் கோதுமை மாவில் பசை காய்ச்சச் சொல்லியிருக்கிறார். அக்காவின் பெயர்மேல் துண்டை வைத்துத் தன் கையாலேயே அழுத்தித் தடவியதை மாமி சொன்னார். அந்த உறுத்தலைவிடப் பெரிய பயம் வேறொன்று இருந்தது: வாகரையிலும் கடல் ஏறி ஏராளமானோரைக் கொண்டுபோயிருந்தது. அக்கா இருக்கிறாரா இல்லையா என்பது மாமிக்குத் தெரியாது.

அடுத்த நாட்களில் மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் தாள்களை வாழ்க்கையில் முதன்முறையாக ஒழுங்காகப் படித்தார். தலைமுறைக்கு ஒருத்தியாவது தகப்பன் பெயரோ குடும்பப் பெயரோ இல்லாமல் வெறும் மரியா, வெறும் சூசானா என்று மணமகளாக வந்திருந்தாள்.

"இதெல்லாம் ஞானஸ்நானத்தில குடுத்த பேர். இவளுகள் எல்லாம் இந்த வாவிக்கரைத் தமிழ்ப் புள்ளயள்தான்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு மாமி வெடித்தார்: "ஆம்புளயள் கட்டினா வரி, அக்கா கட்டினா பசையா?"

எங்கள் ஒல்லாந்துப் பெருமை அன்றைக்கே பாதி இறங்கிவிட்டது. எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

மாமிக்கு அப்போது அறுபதை ஒட்டிய வயது, முழங்காலில் வாதம். இருந்தும் நிவாரண லொறியில் தொற்றிக்கொண்டு வாகரைக்குப் போனார். அக்கா குடியிருந்ததாகக் கேள்விப்பட்ட கரையில் ஒரு குடிசையும் மிஞ்சியிருக்கவில்லை. பிறகு சண்டை மறுபடி மூண்டு, வாகரைச் சனம் சட்டி பானையோடு கிரான் பக்கத்து முகாம்களுக்கு நடந்து வந்தபோது, மாமி முகாம் முகாமாக ஏறி இறங்கி எமிலியைத் தெரியுமா என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அலைந்து களைத்து வீட்டுக்கு வந்து, காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு மறுநாளும் கிளம்புவார். அப்படியொரு பிடிவாதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. அப்போது அவர்மேல் எனக்கு வந்த மதிப்பு இன்றுவரை குறையவில்லை.

யுத்தம் முடிந்த ஆண்டில், சந்தையில் மாமி விசாரித்த வாகரை மீன்காரி ஒருத்தி அவருடைய பூனைக்கண்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "எமிலிய எனக்குத் தெரியா. எங்கட ஊரில பறங்கியம்மா எண்டு ஒருத்தி இரிக்கா. அவவுக்கும் இந்தக் கண்தான்."

பறங்கிக் குடும்பம் மூடி மறைத்தவரை, வாகரை அத்தனை வருடமும் பறங்கியம்மா என்றே கூப்பிட்டிருக்கிறது. பெயரைத் தேடினோமே தவிர, அக்காவை அங்கே வேறு விதமாக அழைப்பார்கள் என்று எங்கள் மரமண்டைகளுக்கு உறைக்கவே இல்லை.

வேதாகமத்தைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மாமி வாகரை பஸ்ஸில் ஏறினார். துணைக்கு நானும் போனேன். தகரக் கொட்டிலின் வாசலில் நெற்றியில் திருநீறோடு ஒரு வயோதிபப் பெண் வலையின் பாசியை உதறிக்கொண்டிருந்தார். மாமி வாசலிலேயே அழத் தொடங்கிவிட்டார். எமிலி மாமி அழவில்லை.

"என்னச் செத்தவள் எண்டு எழுதிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. மூடித்தான் வச்சன். நான்தான்கா மூடினன்."

"அப்ப நான் இன்னும் இரிக்கன்" என்று சிரித்தவர், தங்கையின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "சின்னப் புள்ள நீ. உனக்கென்ன தெரியும். வா, பசியோட வந்திருப்பாய்."

சாப்பிட்டபின் மாமி தாளை விரித்து, எமிலியின் வரிக்குக் கீழே அவருடைய கணவரையும் நான்கு பிள்ளைகளையும் எழுதினார். கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் கடல் கொண்டுபோயிருந்தது. அந்த நாளை மூன்று தரம் எழுதினார். மிஞ்சிய இருவரில் கடைசி மகன் சண்டை நடந்த காலத்தில் கடைக்கென்று போய் வீடு திரும்பாதவன். அவனுடைய பிறந்த நாளை எழுதிவிட்டு மாமி பேனையைத் தூக்கியபடி அக்காவைப் பார்த்தார். எமிலி மாமி தன் உள்ளங்கையைத் தாளின்மேல் வைத்தார்.

"அவனுக்கு ஒண்டும் எழுதாத புள்ள. மூடவும் வேணாம். அப்பிடியே விடு."

இன்று எங்கள் பழைய வீடிருந்த இடத்தில் மணலும் சவுக்கு மரங்களும்தான் இருக்கின்றன. உறவினரில் பாதிப்பேர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். அப்பப்பா யாரென்று தெரிந்தவர்களே இப்போது குறைவு. புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. டோரா மாமியின் இறப்பையும் அடுத்த வருடமே எமிலி மாமியின் இறப்பையும் நானே எழுதினேன். அந்தத் தாளைத் திறக்கும்போதெல்லாம் கடைசி மகனுடைய வரியில் கண் நிற்கிறது. அவனுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பிறந்த நாளுக்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெறுந்தாள். எனக்குப் பின் எழுதப்போகும் என் மகளிடம், அந்த இடத்தில் பேனை படக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.