முப்பதடிக் கிளிஞ்சல்

பாகூர் கண்ணையனுக்குத் தன் சகலை ஏகநாதன்மேல் இருந்த பொறாமை ஊருக்கே தெரியும். அவரும் அதை மறைக்கச் சிரமப்படவில்லை. மனைவி விஜயகுமாரியின் தங்கை ஜெயமணியைக் கட்டியவர் ஏகநாதன். ஆறு வயது சின்னவர். மாமனார் வீட்டுப் பந்தியில் யார் இலையில் முதலில் நெய் விழுகிறது என்று கண்ணையன் பார்ப்பார். சகலையின் வரப்பில் நடந்தால் கரும்பின் கணுக்களை எண்ணாமல் வரமாட்டார்.

எண்பத்தெட்டில் புதுச்சேரி வானொலிக்காரர்கள் பாகூரில் விவசாயிகள் கூட்டம் போட்டார்கள். நன்றாகப் பேசுகிற ஒருவரை நிலையத்துக்கு அழைத்துப் பேசவைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒருவர் தான்தான் என்று முடிவு செய்து, கண்ணையன் ஒரு வாரம் முன்பே சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டார்.

கூட்டத்தில் ஏகநாதன் முந்திக்கொண்டார். பத்திரிகையில் படித்தாராம். ஆலைப் புகையும் எண்ணெய்ப் புகையும் வானத்தில் தங்கி பூமியைச் சூடாக்குகின்றன, இது மனிதன் செய்கிற வேலை என்றார். கண்ணையன் எழுந்து, கூட்டத்தில் காட்டவென்று துண்டில் முடிந்துவந்த கிளிஞ்சல்களை மேசையில் கொட்டினார்.

"கெணறு வெட்டுறப்ப முப்பது அடிக்குக் கீழ கெடச்சது சார். ஒரு காலத்துல கடலு இங்க இருந்துச்சி. அதுவா வந்துச்சி, அதுவா போச்சி. அப்ப எவன் ஆயில் இஞ்சின் ஓட்டினான்?"

கூட்டம் சிரித்தது. வானொலி அதிகாரி ஒரு கிளிஞ்சலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணையன் மனசுக்குள் அப்போதே வானொலி நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஏகநாதன் குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு வருசம் முன்ன பச்சையப்பன் கொளுத்துன தீயில ஒங்க கரும்பு எரிஞ்சிதே சகலை. பஞ்சாயத்துல அவரு இன்னா சொன்னாரு?"

வெட்டு முடிந்ததும் வயலில் கிடக்கும் காய்ந்த கரும்புச் சோகையைக் கொளுத்துவது அங்கே எல்லோரும் செய்வதுதான். பக்கத்து வயல்காரர் பச்சையப்பன் வைத்த தீ வரப்பைத் தாண்டிவிட்டது. தன் அப்பா காலத்தில் இடி விழுந்தே பனந்தோப்பு எரிந்தது, தீ தானாகவும் வரும் என்று அவர் சாதித்தார். அன்றைக்கு இடி எரித்ததால் இன்றைக்கு நீ கிழித்த குச்சி இல்லையென்று ஆகிவிடுமா என்று கேட்டு, பஞ்சாயத்தைத் தன் பக்கம் திருப்பியவர் கண்ணையன்தான்.

முன்வரிசையில் இருந்த பச்சையப்பன், "அன்னிக்கு என்னை மடக்குன வாயி இன்னிக்கு எங்கப்பா போச்சி?" என்றார்.

"அது வேற," என்றார் கண்ணையன். வேறு இல்லை என்பது சொல்லும்போதே அவருக்குத் தெரிந்தது. கேட்டது சகலையாக இல்லாமல் வேறு யாராவதாக இருந்தால் ஒப்புக்கொண்டுகூட இருப்பார். அதிகாரி ஏகநாதனின் பெயரை எழுதிக்கொண்டார்.

ஏகநாதனின் பேச்சு ஒலிபரப்பான சாயங்காலம், மாடு கழுவவேண்டும் என்று கண்ணையன் கொல்லைக்குப் போய்விட்டார். எல்லாம் முடிந்தபின் வந்து சாப்பிட உட்கார்ந்தார். பாதிச் சோற்றில் விஜயகுமாரியிடம் கேட்டார்.

"பேரைச் சொன்னானா?"

"யாரு பேரை?"

"என் பேரைத்தான்."

"எங்க ஊரு வெவசாயி ஒருத்தரு கிளிஞ்சலக் காட்டி இப்படிக் கேட்டாருன்னு சொன்னாரு."

"ஒருத்தரா," என்றார் கண்ணையன். மோருக்குக் காத்திராமல் கையைக் கழுவ எழுந்தார்.