முன் சீட்டை விட்டுக்கொடுத்த கங்காணி

போடியிலிருந்து ஏலமலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் எத்தனை பேர் என்று கேட்கக் கூடாது; இன்னும் ஒருத்தருக்கு இடமிருக்கிறதா என்று மட்டும்தான் கேட்கலாம். அந்த ஸ்டியரிங்கைப் பிடித்து அவதிப்பட்ட சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா?

இடம்

சிலமலைக் கங்காணி சின்னையாவுக்கு என் ஜீப்பில் முன் சீட்டு என்றால் உயிர். வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் மூன்று தலைமுறையை இழுத்துத் திட்டுவார். ஒருநாள் அது காலியாக இருந்தும் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டார். மறுநாளும் அப்படியே. ஏலக்காய் எடுக்க வரும் பேச்சியம்மா முன்னால் ஏறிக் காலை நீட்டிக்கொண்டார்.

"அப்பாடா, கங்காணிக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு தம்பி."

மருந்து

கங்காணிக்கு நான்தான் போடியில் மருந்து வாங்கி வருவேன். முதலில் தலைவலி மாத்திரை. அப்புறம் வயிற்றுக்கு, இடுப்புக்குத் தைலம், தூக்கம் வர ஏதாவது, பசி எடுக்க டானிக். காய் உலர்த்துகிற புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று என் பங்குக்கு நானும் வைத்தியம் சொன்னேன். மருந்துக்கடைக்காரர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"இதெல்லாம் ஒரு ஆளுக்கா, ஒரு எஸ்டேட்டுக்கா?"

ஆடை

பிஞ்சுக்காயைப் பறித்தால் மலையே அதிரக் கத்துகிறவர், கூடை நிறையப் பிஞ்சைக் காட்டியும் "சரி" என்று போய்விட்டார். அன்று சாயந்தரம் டீயில் ஆடை மிதந்ததற்கு டீக்கடைக்காரரின் சட்டையைப் பிடித்தார். பேச்சியம்மா மோவாயில் கை வைத்தார்.

"காய்க்கு வராத கோவம் பாலாடைக்கு வருதாக்கும்!"

வளைவு

மலை வளைவில் தூங்குகிறவர்கூடக் கை நீட்டிக் கம்பியைப் பிடிப்பார். பின்படியில் நின்ற கங்காணி பிடிக்கவில்லை. அன்று பின்னால் இருந்த பேச்சியம்மா அவர் சட்டையை எட்டிப் பிடித்து அலறினார். ஜீப்பை நிறுத்தினேன். கங்காணி முகத்தில் பதற்றமே இல்லை.

"விட்டுரு ஆத்தா, வண்டிக்கு ஒரு ஆள் பாரம் கொறையும்."

திரும்பியது

பாதி மலையில் ஜீப்பைத் திருப்பினால் எல்லாருக்கும் அன்றைய கூலி போச்சு. திருப்பினேன். ஒருத்தரும் கூலிப் பேச்சை எடுக்கவில்லை. போடி டாக்டர் மாத்திரைக் கதை, பாலாடைக் கதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் ஒரே வியாதிதாம்ப்பா, மனச்சோர்வு. மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க, தனியா விட்றாதீங்க."

மறுபடியும்

மதுரை வைத்தியம் மெதுவாகத்தான் பிடித்தது. அடுத்த காய் எடுப்பு தொடங்கிய பிறகு ஒரு காலையில் கங்காணி ஜீப்பருகே வந்து, முன்னால் இருந்த பேச்சியம்மாவை முறைத்தார். அந்த அம்மா இறங்கிப் பின்னால் போய் ஏறி, அங்கிருந்தவர்களிடம் சொன்னார்.

"என்னா முறைப்பு முறைக்காரு பாத்தியா, பொழச்சுக்கிட்டாரு மனுசன்."

சண்டைக்காரர் ஒருத்தர் திடீரென்று இடம் விட்டுக்கொடுத்தால், சகாக்களே, நிம்மதியாக உட்கார்ந்துவிடாமல் அவர் கம்பியைப் பிடித்திருக்கிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.