சாரலுக்குக் கட்டிய படுதா

வேல்விழிக்குக் கோபம் வந்தால் பேச்சு குறைந்துவிடும். மேலகரத்தில் அவளைத் தெரிந்தவர்கள் அப்போது விலகிப் போவார்கள்.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள். தென்காசியில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலாளி அவளை ரசீது போடும் மேசையில் உட்காரவைத்தார். வெல்டிங் கேட்டபோது, "பொம்பளப்பிள்ள மூஞ்சில தீப்பொறி பட்டா எவன் கட்டிக்கிடுவான்?" என்றார். கட்டிக்கொண்ட பிறகும் அதே மேசைதான். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவள் திரும்பப் போகவில்லை.

வீட்டுக்குப் பின்னால் பழைய மாட்டுக்கொட்டகை இருந்தது. கணவன் ஜெகதீஸ்வரனுக்கும் அவனுடைய அண்ணன் பேச்சிமுத்துவுக்கும் பொதுவான இடம். அங்கே இரும்பு காய்ச்சும் உலை அமைத்தாள். லாரியின் பிரேக் டிரம்மை இரும்புக் கால்களில் ஏற்றி, உள்ளே களிமண் பூசி உலர விட்டாள். எரிக்கத் தேங்காய்ச் சிரட்டைக் கரி, காற்றுக்கு ஒரு சின்ன மின்விசிறி. அதிலிருந்து டிரம்முக்குப் போகும் குழாய்க்கு ஜி.ஐ. பைப் வேண்டாம் என்றாள். அதன் துத்தநாகப் பூச்சு சூட்டில் விஷப்புகையாகும். சித்தாற்றுக் கல்லைச் சுற்றி அடுக்கலாம் என்று ஜெகதீஸ்வரன் சொன்னான். ஈரம் குடித்த கல் நெருப்பில் வெடிக்கும் என்று அதையும் மறுத்தாள். நைட்டியோடு உலைப்பக்கம் போகமாட்டாள். முழுக்கைப் பருத்திச் சட்டை, கண்ணாடி, பக்கத்தில் ஒரு வாளி மணல்.

கொட்டகையின் மேற்கும் வடக்கும் திறந்தே கிடந்தன. புகைபோக்கி கிடையாது. அந்தத் திறப்புதான் புகைபோக்கி.

சீசன் தொடங்கியதும் குற்றாலத்துப் பலாப்பழக் கடைக்காரர்கள் கத்தி கேட்டு வந்தார்கள். பழைய லாரியின் ஸ்பிரிங் வில்பட்டையைக் காய்ச்சி அடித்துக் கொடுத்தாள். சாரலும் தொடங்கியது. மேற்கே இருந்து தூறல் உள்ளே அடித்தது.

"படுதாவ எறக்கி விட்டா என்னட்டி? ஊருல எல்லாக் கடையிலயும் கட்டியிருக்கான்லா," என்றான் ஜெகதீஸ்வரன்.

"கடையில கரியா எரியுது?"

"சிரட்டக் கரியில எங்க புகை வருது?"

"கண்ணுக்குத் தெரியாத வாயு வரும். அது ஆளக் கொல்லும். படுதாவத் தொடாதீங்க."

ஐந்தருவிக் கடைக்காரருக்குக் கத்திகளைக் கொடுக்க அவள் போன சாயங்காலம், விசிறி நின்றிருந்தது, கரி கனன்றுகொண்டிருந்தது. ஜெகதீஸ்வரன் இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிக் கம்பியால் கட்டினான். இரும்பெல்லாம் நனைந்து துருப்பிடிக்குமே என்றுதான் கட்டினான். கட்டியவன், உள்ளே கதகதப்பாக இருந்ததால் உட்கார்ந்துவிட்டான்.

வேல்விழி திரும்பியபோது கொட்டகை மூடிக் கிடந்தது. பையில் மீந்திருந்த கத்தியால் படுதாவைக் கிழித்தாள். அவன் சுவரோரம் சரிந்து கிடந்தான். அக்குளில் கை கொடுத்து முற்றத்துக்கு இழுத்து, மழையில் போட்டுக் கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். விடியும்போது கண் விழித்தான். பேச்சிமுத்து கட்டிலருகே நின்றிருந்தார்.

"என்னலே ஆச்சு?"

ஜெகதீஸ்வரன் வேல்விழியைப் பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான். "அந்த உலை ஆகாதுண்ணே," என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். வேல்விழி காத்திருந்தாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அந்த வாக்கியம் அவளுக்கு முன்பே மேலகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. புருஷனை வீட்டுக்குள் வைத்துப் புகைபோட்டவள் என்று தெருவில் பேசினார்கள். கத்திக்குச் சொல்லி வைத்திருந்த பலாப்பழக் கடைக்காரர் ஒருவர் போனில், "வேண்டாம்மா, வேற எடத்துல பாத்துக்கிடுதேன்," என்றார்.

ஜெகதீஸ்வரன் வீடு திரும்பிய அன்றே பேச்சிமுத்து கடப்பாரையோடு வந்தார்.

"ஏட்டி, எந்தம்பியக் கொல்லப் பாத்தேல்லா? இந்த எடத்துல எனக்கும் பாதி இருக்கு. இனிமே இங்கன உலை எரியாது."

வேல்விழி குறுக்கே நிற்கவில்லை. "இடிங்க அத்தான். அதுக்கு முந்தி உங்க தம்பிகிட்ட ஒண்ணு கேளுங்க. படுதாவ யாரு கட்டுனா?"

ஜெகதீஸ்வரன் நாற்காலியில் இருந்தான். தலை குனிந்திருந்தது. பேச்சிமுத்து கடப்பாரையை டிரம்மின் காலுக்குள் விட்டு நெம்பினார். உலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"நாந்தாண்ணே," என்றான் ஜெகதீஸ்வரன். "வேண்டாம்னு சொன்னா. நாந்தான் கட்டுனேன்."

கடப்பாரை நின்றது. "இத ஏம்லே அங்கனயே சொல்லல?"

"பொண்டாட்டி பேச்சக் கேக்காம மயங்கி விழுந்தேன்னு எப்படிண்ணே சொல்ல? ஊரு சிரிக்கும்லா."

பேச்சிமுத்து, "நல்லாருக்குலே," என்று சொல்லிவிட்டுப் போனார். கடப்பாரையை அப்படியே விட்டுப் போனார்.

"நீங்க சிரிப்பாயிரக் கூடாது. நான் கொலகாரியாயிரலாம்," என்றாள் வேல்விழி. அதற்குப் பிறகு அவனிடம் பேசவில்லை.

மறுநாள் காலை உலையை நிமிர்த்தினாள். சாய்ந்ததில் களிமண் பூச்சு விரிசல் விட்டிருந்தது. சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசினாள். அது உலர்வதற்குச் சில நாள் பிடித்தது. சாரல் விடவில்லை. உலர்ந்ததும் கரியைக் கொட்டித் தீ மூட்டினாள்.

ஜெகதீஸ்வரன் குடையில்லாமல் வந்து திறந்த பக்கத்தில் நின்றான்.

"உள்ள வரட்டுமா?"

அவள் விசிறியைப் போட்டாள். கரி சிவந்தது.

"பலாப்பழக்காரரு மறுபடி கேக்காருட்டி. நான் போயி நடந்தத எடுத்துச் சொல்லிட்டு வந்தேன்."

"தெருவுல சொன்னீங்களா?"

அவன் தெருவைத் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லிட்டு வாங்க," என்றாள். "அதுவரைக்கும் உள்ள வராதீங்க."

அவன் நனைந்துகொண்டே தெருப்பக்கம் நடந்தான்.