ஐந்தில் நின்ற மின்தூக்கி

போன சனிக்கிழமை, அம்மா கொடுத்தனுப்பிய மசாலாத்தூளோடு சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பழைய அடுக்குமாடி புளோக்குக்குப் போனேன். ஏழாம் மாடியில் இருக்கும் மரியம் ஆன்ட்டிக்குத்தான் அந்தப் பொட்டலம். கைபேசியைப் பார்த்துக்கொண்டே மின்தூக்கிப் பொத்தானை அழுத்தினேன். கதவு திறந்ததும் இறங்கினேன். பார்த்தால் ஐந்தாம் மாடி. மின்தூக்கிப் பராமரிப்புப் பொறியாளரான நானே தவறான மாடியில் இறங்கினேன் என்று அலுவலகத்தில் தெரிந்தால், ஒரு மாதம் சிரிப்பார்கள்.

உங்களிடம் சொன்னால் புரியும். என் சிறுவயதில் அந்த மின்தூக்கி ஒன்று, ஐந்து, ஒன்பது மாடிகளில் மட்டும்தான் நிற்கும். மற்ற மாடிக்காரர்கள் அருகில் அது நிற்கும் மாடியில் இறங்கிப் படிக்கட்டைப் பிடிக்க வேண்டும். எங்கள் வீடு ஐந்தாம் மாடியில், மின்தூக்கிக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் இருந்தது. மேலே போகிற பாதி புளோக் எங்கள் வாசலைக் கடந்துதான் போகும். இரும்புக் கேட் சாத்தியிருக்கும். மரக்கதவை அம்மா காலையில் திறந்தால் படுக்கப் போகும்போதுதான் மூடுவார்.

பட்டியல் போடும் புத்தி எனக்கு அப்போதே உண்டு. ஒரு பழைய நோட்டில் எழுதி வைப்பேன். ஆறு பத்து: டெட்டால் வாசம், ஆறாம் மாடி நர்ஸ் அக்கா. ஆறரை: மீன் வாடை, தேக்கா சந்தையில் வேலை பார்க்கும் சீன அங்கிள். ஏழே கால்: அத்தர், அதன் பின்னாலேயே மரியம் ஆன்ட்டி. அவர் எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் அம்மாவின் குழம்பு அடிப்பிடிக்கும். அதையும் நேரத்தோடு குறித்திருக்கிறேன்.

ஏழாம் மாடிக்கு ஐந்தும் ஒன்பதும் ஒரே தூரம். ஒன்பதில் இறங்கிக் கீழே நடந்தால் மூச்சு வாங்காது என்று ஒருமுறை ஆன்ட்டிக்கு விளக்கினேன். "ஒன்பதுல யாரு இருக்கா, எனக்கு டீ போட்டுக் குடுக்க?" என்றார்.

அவருடைய கணவர் காதர் அங்கிள், பக்கத்துத் தெருவில் கைலிக் கடை வைத்திருந்தவர். பக்கவாதம் வந்த பிறகு அவரால் படி இறங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தொழுகைக்குப் போவார். என் அப்பாவும் இன்னொருவரும் அவரை நாற்காலியோடு இரண்டு மாடி இறக்கி, எங்கள் வாசல் வழியாக மின்தூக்கிக்குக் கொண்டுபோவார்கள்.

அந்தச் சமயத்தில்தான், எல்லா மாடியிலும் மின்தூக்கி நிற்கலாமா என்று வீட்டுக்கு வீடு வாக்குக் கேட்டார்கள். முக்கால்வாசி வீடுகளாவது சம்மதிக்க வேண்டுமாம். எங்களுக்கு வாசலிலேயே மின்தூக்கி. ஆகவே ஆதாயம் ஒன்றுமில்லை. எனக்கோ நஷ்டம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது: என் நோட்டு காலியாகிவிடும். வாக்குச் சீட்டை எடுத்து அறிவியல் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்தேன். அம்மா மேசையைக் கவிழ்க்காத குறையாகத் தேடினார். நானும் கூடவே தேடினேன்.

பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை. எப்போதும் என்னை "என்ன ரிப்போர்ட்டர்?" என்று கிண்டல் செய்யும் காதர் அங்கிள், நாற்காலி எங்கள் வாசலைக் கடந்தபோது கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார். அம்மாவைத் தேடினால், அவர் அடுப்படியில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்பில் எதுவும் இல்லை.

"அங்கிள் ஏம்மா கண்ண மூடிக்கிறாங்க?"

"தூக்கிட்டுப் போறத நாலு பேரு பாக்குறாங்களேன்னுதான்."

"அவங்க கண்ண மூடுனா நாம பாக்காமயா இருப்போம்?"

"அதான் நான் இங்க வந்து நிக்கிறேன்."

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மா அப்படித்தான் நின்றிருக்கிறார். அது மட்டும் என் நோட்டில் இல்லை.

அன்று சாயங்காலம் சீட்டு மேசை மேல் இருந்தது. அம்மா அதை எடுத்தார், என்னைப் பார்த்தார். "சயின்ஸ் புக் இன்னிக்கு மெலிஞ்சிருக்கே" என்று மட்டும் சொன்னார். "எல்லா மாடியிலயும் நின்னா ஆன்ட்டி நம்ம வீட்டுக்கு வரமாட்டாங்கம்மா" என்று அழுதேன். "வராட்டி நாம போவோம்" என்றார். மறுநாள் கீழ்த்தளத்துக்கு என்னையும் கூட்டிப் போய் வாக்குப் போட்டார்.

வேலை முடிய வெகுகாலம் பிடித்தது. புதிய மின்தூக்கி ஓடத் தொடங்கிய முதல் வெள்ளிக்கிழமை, அது எங்கள் மாடியில் வந்து நின்றது. உள்ளே சக்கர நாற்காலியில் காதர் அங்கிள். கூட யாருமில்லை. கதவு மூடாமல் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி! அடுப்படியிலயா இருக்க? வெளிய வந்து பாரு, தனியாப் போறேன்!" என்று கூப்பிட்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. அம்மா ஈரக் கையோடு வாசலுக்கு ஓடி வந்து, கதவு மூடும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் பயந்ததும் நடந்தது. நர்ஸ் அக்காவின் டெட்டால் வாசம் நின்றது. மீன் வாடை நின்றது. மரியம் ஆன்ட்டி மட்டும் சில காலம் ஏழே காலுக்கு வந்து, "மறந்துபோய் அஞ்ச அமுக்கிட்டேன்லா" என்பார். பிறகு நாங்கள் செம்பவாங் வட்டாரத்தில் ஒரு புது வீட்டுக்கு மாறினோம். அங்கே மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்கும். அம்மா கதவைத் திறந்து வைத்துப் பார்த்தார், காற்றுதான் வந்தது. காதர் அங்கிளும் இப்போது இல்லை.

எங்கள் பழைய வாசலில் இப்போது கேட் இல்லை. எண் அழுத்தித் திறக்கும் கதவு. சிறிது நேரம் நின்றுவிட்டு இரண்டு மாடி ஏறினேன்.

மூச்சு வாங்குவதைப் பார்த்து மரியம் ஆன்ட்டி சிரித்தார். "லிஃப்டு கெட்டுப்போச்சா? நீதானே புள்ள அதப் பாக்குற ஆளு!"

"இல்ல ஆன்ட்டி, அஞ்சுல எறங்கிட்டேன்."

அவர் பொட்டலத்தை வாங்கி முகர்ந்தார். "நானுந்தான் எறங்குறேன், சில நாளு. அந்தக் கதவு மூடியே கெடக்கும். திரும்ப லிஃப்டுல ஏறி வந்துருவேன்."