பச்சை எழுத்தில் வந்த காலிப் பட்டியல்

என் மனைவி என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். மிதித்தால் வண்டி நிற்கும், விட்டால் போகும்; என் தொழிலில் ஒளிவுமறைவு கிடையாது. அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தின் போன் ஆப்புக்குத் திரை செய்கிறாள். ரத்தமோ சளியோ கொடுத்துவிட்டு வந்தால் முடிவு போனில் தெரியும். அந்தத் தெரிகிற பாகம் அவளுடையது. முடிவுகளைச் சேமித்துவைத்து, திரை கேட்கும்போது எடுத்து அனுப்புகிற உள்பாகம் இன்னொருவருடையது. அவருக்கு அவள் வைத்த பெயர் உள்துறை. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான், அதுவும் பதினொரு வருடத்தில்.

இரண்டு பேருக்கும் ஆறு மாதமாகச் சண்டை. "நான் ஒரே மாதிரிதான் கேக்கறேன். அவர் ஒரு தடவை பெட்டியில போட்டு அனுப்பறார், இன்னொரு தடவை அப்படியே தூக்கிக் கொடுக்கறார். தப்பு நடந்தாலும் மேல 'எல்லாம் சரி'ன்னு ஒட்டி, உள்ள 'சரியில்ல'ன்னு எழுதி வைக்கறார். நான் எதை நம்பறது?" என்பாள். எல்லாப் பதிலும் ஒரே அச்சில் வரவேண்டும் என்பது அவள் கட்சி: வேலை முடிந்ததா, கிடைத்தது என்ன, கிடைக்கவில்லையென்றால் ஏன். ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்கவேண்டும் என்பது உள்துறையின் கட்சி. வண்டிக்காரன் என்பதால் நான் மனதுக்குள் அவர் பக்கம்தான். அதை அவளிடம் சொல்லவில்லை, எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு.

அந்தச் சண்டை வீட்டுக்குள்ளும் வந்தது. "சாப்பாடு போடவா?" என்பாள். "ம்" என்பேன். "இந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்? வேணுமா, வேண்டாமா, காதுலயே விழலையா?" எனக்கே தெரியாது. பல சமயம் மூன்றும்தான்.

போன மாதம் என் கழுத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. டாக்டர் ஊசியால் கொஞ்சம் சதை எடுத்து அதே கூடத்துக்கு அனுப்பினார். "எதுக்கும் பாத்துடலாம்" என்றார். அந்த 'எதுக்கும்' என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை.

முடிவு தயாரானால் செய்தி வரும். நான் அதுவரை பொறுக்கிற ஆளா? நான்காம் நாள் காலை, ஒரு அம்மாள் வண்டியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது ஆப்பைத் திறந்தேன். பச்சை எழுத்தில் 'குறை எதுவும் இல்லை' என்றிருந்தது. அம்மாள் மதிலில் இடித்தார். நான் அவருக்குக் கைகொடுத்துப் பாராட்டினேன். அக்காவுக்குப் போன் செய்து அழுதேன், அவளும் அழுதாள். அப்புறம் மனைவியைக் கூப்பிட்டேன்.

"யாருங்க சொன்னா?" என்றாள்.

"உன் ஆப்புதான்."

"சரி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். சந்தோஷத்தில் பேச்சு அடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

மதியம் ஒரு மணிக்கு, ஆசை தீராமல் இன்னொரு முறை திறந்தேன். பச்சையைக் காணோம். சாம்பல் நிறத்தில் 'பரிசோதனை இன்னும் முடியவில்லை' என்றிருந்தது. அவளைக் கூப்பிட்டேன்.

"காலையில எனக்கு ஒண்ணும் இல்லையே! மத்தியானத்துக்குள்ள என்ன ஆச்சு?"

"சீக்கிரம் வீட்டுக்கு வாங்க. நானும் வரேன்."

சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். குறைகளின் பட்டியலை உள்பாகம் அனுப்புமாம். பட்டியல் காலியாக வந்தால் 'குறை எதுவும் இல்லை' என்று காட்டு என்பது திரைக்கான கட்டளை. இந்த வரியை இரண்டு வருடம் முன்பு எழுதியவள் இவளே. காலையில் என் போனை வைத்ததும் நேராக உள்துறையின் மேசைக்குப் போய், காலியாக வந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறாள்.

"டெஸ்ட் முடியலம்மா. முடியலைன்னாலும் காலியாத்தான் அனுப்புவேன். உனக்குத் தெரியும்னு நெனச்சேன். யார் ரிப்போர்ட்?" என்றாராம் அவர்.

"என் வீட்டுக்காரர்து."

மனிதர் எழுந்து நின்றுவிட்டாராம். ஆறு மாதம் நடக்காத வேலை மூன்று மணி நேரத்தில் நடந்தது. இப்போது எந்தப் பதில் வந்தாலும் முடிந்ததா இல்லையா என்பதுதான் முதல் வரி.

"எத்தனை பேருக்கு இப்படிக் காட்டினோமோ. நாளைக்கு உக்காந்து தேடணும்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு இருக்கா, இல்லையா?"

"தெரியாது. அதுதாங்க இப்போதைக்குப் பதில்."

எனக்குக் கோபம் வந்தது. மூன்று மணி நேரம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்! அந்தப் பொய்யையே விட்டுவைத்திருக்கலாமே என்றுகூடத் தோன்றியது. யார்மேல் கோபம் என்றுதான் பிடிபடவில்லை. அக்காவுக்கு வேறு திரும்பப் போன் செய்து என்னவென்று சொல்வது?

"பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

வாய்வரை 'ம்' வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினேன்.

"பயமா இருக்கு. மூணு நாளா தூங்கல."

"தெரியும். நானும் தூங்கல." எழுந்து தட்டை எடுத்தாள். "சாப்பாடு போடவா?"

"போடு," என்றேன். "கொஞ்சமா போதும். நீயும் உக்காரு."