ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்

குடிபாலாவிலிருந்து தினமும் பைக்கில்தான் திருப்பதிக்கு வேலைக்குப் போகிறேன். "செயினுக்கு எண்ணெயே உட்டதில்ல, இன்னா ஓட்டம் ஓடுது பாரு" என்று கூட வேலை செய்பவர்களிடம் பீற்றிக்கொள்வேன்.

நான் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து நைனா என்னோடு பேசவில்லை. ஒரே வீட்டில்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தோம். அவர் இறந்து சில வாரங்களில் செயின் துருவேறிக் கிறீச்சிட ஆரம்பித்தது. வாசலில் நின்று வண்டியைத் திட்டினேன்.

அம்மா வெளியே வந்தாள். "வண்டிய ஏண்டா திட்ற? ஞாயித்துக்கிழம காலையில நீ தூங்கிக்கினு இருப்ப. நைனாதான் செயினத் தொடச்சி எண்ணெ உடுவாரு. அவன்கிட்ட சொல்லிடாதேன்னாரு."

இப்போது நானே பின்சக்கரத்தைக் கையால் சுற்றி, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுகிறேன்.

நைனா இருந்தபோது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது சீக்கிரம் எழுந்திருக்கலாம்.